காக்காவும் தாத்தாவும்

நவராத்திரி நெருங்கினால் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதி திருவனந்தபுரத்துக்குப் புறப்பட்டுவிடுவாள். அவள் யானை மேல். கூடவே வெள்ளிக் குதிரையில் வேளிமலை முருகன், பல்லக்கில் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை. 1956-ல் மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்தபோது பத்மநாபபுரம் அன்றைய சென்னை மாநிலத்துக்குப் போனது, திருவனந்தபுரம் கேரளத்தில் தங்கியது. ஆனாலும் ஊர்வலம் நிற்கவில்லை. குழித்துறை, நெய்யாற்றின்கரை என்று தங்கித் தங்கி இன்றும் வந்து சேர்கிறது. ஒன்பது நாளும் சரஸ்வதி கோட்டைக்குள்ளே நவராத்திரி மண்டபத்தில் இருப்பாள். முருகனுக்கு ஆரியசாலை, நங்கைக்குச் செந்திட்டை.

விஜயதசமியன்று குழந்தைகளை மடியில் வைத்து, தங்க மோதிரத்தால் நாக்கில் 'ஹரிஸ்ரீ' எழுதுகிறார்கள். வாக்கு தேவியின் அருள், அது குடியிருப்பது நாக்கில் என்பது நம்பிக்கை. நம்பிக்கையில் தவறில்லை. ஆனால் குழந்தைக்குப் பேச்சு திருத்தமாக வராதபோது முதல் பழியும் அந்த நாக்கின் மீதே விழுகிறது. நாக்கு தடித்திருக்கிறது, அடியில் ஒட்டியிருக்கிறது, வசம்பு தேய்க்கவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உண்மையில் பெரும்பாலான குழந்தைகளுக்கு நாக்கில் எந்தக் கோளாறும் இருப்பதில்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதுதான் பேச்சுப் பயிற்சியாளரின் முதல் வேலை.

ஆரியசாலையை அடுத்தது வலியசாலை. காந்தளூர் மகாதேவர் கோயிலும் அதை ஒட்டிய அக்ரகாரத் தெருக்களும், சாலைக் கடைத்தெருவில் வியாபாரம் செய்யும் குடும்பங்களும் கொண்ட பகுதி. திருவிதாங்கூர் மன்னர்கள் காலத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர்கள் இங்கே பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். பிள்ளைகள் இரண்டையும் ஒரே மூச்சில் பேசி வளர்கிறார்கள்.

இங்கே ஒரு வீட்டில் ஐந்து வயதுப் பையன். யு.கே.ஜி. படிக்கிறான். அப்பாவுக்குச் சாலையில் பாத்திரக்கடை. அம்மா மதுரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். பாட்டி பிறந்ததும் வளர்ந்ததும் இதே தெருவில். பையன் சுறுசுறுப்பு, கதை சொன்னால் கண் கொட்டாமல் கேட்பான். ஒரே ஒரு குறை. அவன் வாயில் 'க' வராது. எல்லாம் 'த' ஆகிவிடும். கடை தடையாகும், கண்ணன் தண்ணன் ஆவான், 'எனக்குப் பசிக்குது' என்பது 'எனத்துப் பசித்துது' ஆகும். காக்கா? அது தாத்தா.

இரண்டு வருடங்களாக வீட்டில் இது செல்லச் சிரிப்பு. அமாவாசைக்கு அமாவாசை பாட்டி சோறு வைக்கும்போது பையனும் மதில் பக்கம் போய் நின்றுகொண்டு 'தா... தா...' என்று கூப்பிடுவான். காகம் வந்து உட்காரும். 'தாத்தா வந்தாச்சு' என்பான். பையன் பிறப்பதற்கு ஒரு வருடம் முன்பு காலமான தன் கணவரைப் பேரன் பெயர் சொல்லி அழைப்பதுபோலப் பாட்டிக்குக் கண் நிறைந்துவிடும். இதை மாற்ற வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்குத் தோன்றும்?

மழலையை யாழுக்கும் குழலுக்கும் மேலே வைத்த மரபு நம்முடையது. ஆனால் மழலைக்கும் ஒரு வயது இருக்கிறது. வகுப்பில் அந்தப் பையன் 'களிக்காம்' என்று சொல்ல நினைத்து 'தளித்தாம்' என்றபோது மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டாவது முறையும் சிரித்தார்கள். மூன்றாவது முறை அவன் வாயே திறக்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் பாட்டிலைக் காட்டினான், வெளியே போக வேண்டுமென்றால் விரலைக் காட்டினான். 'இவன் சமர்த்து, சத்தமே போடமாட்டான்' என்று டீச்சர் சொன்னபோதுதான் அம்மாவுக்குச் சுருக்கென்றது. வீட்டில் வாய் ஓயாத பையன் அவன்.

யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்துத் தடவச் சொன்னார் ஒருவர். மலையாள வீடுகளிலும் இதே வைத்தியம் உண்டு. வயம்போடு தங்கத்தையும் உரைப்பார்கள். (ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுப்பது ஆபத்து என்பது மருத்துவ எச்சரிக்கை.) நாக்கின் அடியிலுள்ள சவ்வை வெட்டிவிட்டால் சரியாகும் என்றார் இன்னொருவர். 'வளர்ந்தால் தானே சரியாகும்' என்றார் பெரியப்பா. எல்லாவற்றையும்விட அம்மாவைக் கலங்க வைத்தது பக்கத்து வீட்டு யோசனை: 'ரெண்டு பாஷை பேசிக் குழப்பறீங்க. வீட்டுலயும் மலையாளமே பேசுங்க, தமிழை நிறுத்துங்க.'

இந்த நான்கில் எதுவும் சரியில்லை. ஏன் என்பதைத் தெரிந்துகொள்ள, நகரத்தில் ஒரு பேச்சுப் பயிற்சியாளரின் அறையில் அந்தப் பையனுக்கு நடந்த சோதனையைப் பார்க்கலாம்.

முதலில் காது. எந்தப் பேச்சுப் பயிற்சியாளரும் செவித்திறன் சோதனை முடியாமல் அடுத்த அடி வைக்கமாட்டார். முழுச் செவிடாக இருக்க வேண்டியதில்லை. அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டாலே குழந்தைக்குச் சில ஒலிகள் மங்கலாகத்தான் எட்டும். கேட்காத ஒலியை எப்படிச் சொல்வது? பையனுக்குக் காது நன்றாகவே கேட்டது.

இரண்டாவது வாய். உதடு குவிகிறதா, நாக்கு மேலே, கீழே, பக்கவாட்டில் போகிறதா, அண்ணத்தில் பிளவோ துளையோ இருக்கிறதா, பற்கள் எப்படிச் சேர்கின்றன என்று டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். நாக்கின் அடிச்சவ்வு குட்டையாக இருப்பது சில கைக்குழந்தைகளுக்குப் பால் குடிப்பதில் சிரமம் தருவதுண்டு. ஒலிகள் மாறிப்போவதற்கு அது காரணமாவது அரிது. பையனின் விஷயத்திலேயே இதைத் தர்க்கமாகப் பார்க்கலாம். 'த' சொல்ல நாக்கு நுனி மேல்பல்லைத் தொட வேண்டும். நாக்கு கட்டுண்டிருந்தால் அந்த 'த'தான் தடுமாற வேண்டும். அவனுக்கோ 'த' தாராளமாக வருகிறது. வராத 'க' பிறப்பது நாக்கின் பின்புறத்தில்.

மூன்றாவது, குடும்பத்தாரின் வாய்மொழி. எப்போது முதல் சொல் வந்தது, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, வீட்டில் என்ன மொழி, அதை எப்படிப் பேசுவார்கள் என்றெல்லாம் கேட்பார்கள். கடைசிக் கேள்வி வலியசாலை போன்ற இடத்தில் மிக முக்கியம்.

நான்காவதுதான் பேச்சு. படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்கிறார்கள். ஒவ்வோர் ஒலியும் சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும்படி படங்களைத் தேர்ந்து வைத்திருப்பார்கள். ஆங்கிலத்துக்கான பட்டியலை வைத்துத் தமிழ்க் குழந்தையைச் சோதிக்க முடியாது. ஆங்கிலத்தில் 'ழ'வும் 'ள'வும் எங்கே இருக்கின்றன? இந்திய மொழிகளுக்குத் தனித்தனித் தேர்வுகளை உருவாக்கும் வேலை மைசூரில் 1965-ல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தில் நடந்தது. கன்னடம், தமிழ், மலையாளம் என்று மொழிவாரியாகப் படச் சொற்கள் திரட்டப்பட்டன. படங்கள் முடிந்ததும் குழந்தையைச் சும்மா பேச விட்டு ஒலிப்பதிவு செய்கிறார்கள். தனிச்சொல்லில் திருத்தமாக இருப்பது வாக்கியத்தில் குழைந்து போகலாம்.

பயிற்சியாளர் இளம் மலையாளிப் பெண். தமிழ் புரியும், அரைகுறையாகப் பேசவும் வரும். ஒரே படங்களைத் தமிழிலும் மலையாளத்திலும் சொல்லச் சொன்னார். அவன் சொன்னதைச் சொன்னபடியே ஒலிக்குறிகளில் எழுதிக்கொண்டார். முடிவில் மூன்று வகையான 'தப்புகள்' தாளில் இருந்தன.

முதல் வகை: 'க' எல்லாம் 'த' ஆவது. தமிழிலும் அப்படி, மலையாளத்திலும் அப்படி. 'எனிக்கு' என்பதை 'எனித்து' என்கிறான்.

இரண்டாம் வகை: மலையாளத்தில் மூச்சு அழுத்தத்தோடு சொல்ல வேண்டிய ஒலிகளை அழுத்தமில்லாமல் சொல்வது. வீட்டுத் தமிழில் அந்த வேறுபாடு இல்லை, அதனால் அவனுக்குப் பழக்கமில்லை.

மூன்றாம் வகை: தமிழில் மழையை 'மளை' என்றான், பழத்தைப் 'பளம்' என்றான். அதே பையன் மலையாளத்தில் 'மழ' என்று ழகரத்தை அழகாகவே சொன்னான். பயிற்சியாளர் அம்மாவின் பக்கம் திரும்பி, 'இதுக்கு நீங்க என்ன சொல்வீங்க?' என்று படத்தை நீட்டினார். 'பளம்' என்றார் மதுரைக்கார அம்மா.

சிகிச்சை வேண்டியது முதல் வகைக்கு மட்டும். ஒரே மாற்றம் இரண்டு மொழியிலும் வந்தால் அது குழந்தையின் ஒலியமைப்பிலேயே இருக்கும் சிக்கல். ஒரு மொழியில் மட்டும் வந்தால் அது பெரும்பாலும் மற்ற மொழியின் சாயல், இல்லையென்றால் வீட்டு வழக்கு. வழக்கு நோயல்ல. அமெரிக்கப் பேச்சுப் பயிற்சியாளர் சங்கம் ஆங்கிலத்தின் எந்த வட்டார, சமூக வழக்கும் கோளாறு ஆகாது என்று 1983-ல் கொள்கை அறிக்கையாகவே வெளியிட்டது. மதுரைப் 'பளத்தை' மருந்து கொடுத்துத் திருத்தக் கிளம்பினால் பாதித் தமிழ்நாட்டை வரிசையில் நிறுத்த வேண்டியிருக்கும்.

தமிழை நிறுத்தச் சொன்ன யோசனையும் இங்கேயே அடிபட்டுப் போகிறது. இரு மொழி கேட்டு வளர்வதால் ஒலிக்கோளாறு வருவதில்லை. உலகில் கோடிக்கணக்கான குழந்தைகள் அப்படித்தான் வளர்கிறார்கள். வீட்டு மொழியை எடுத்துவிட்டால் குழந்தைக்குப் 'க' வந்துவிடாது. பாட்டியோடு பேசும் பேச்சுத்தான் போகும்.

அடுத்து அந்த அறையில் நடந்ததுதான் அம்மாவுக்கு அதிசயமாக இருந்தது. பயிற்சியாளர் காகத்தின் படத்தைக் காட்டி, 'இது தாத்தாவா?' என்று கேட்டார். பையன் முகத்தைச் சுளித்தான். 'இல்ல. தாத்தா!' என்றான். 'ஓ, காக்காவா?' என்றார். 'ஆமா, தாத்தா' என்று நிம்மதியாகத் தலையாட்டினான்.

1960-ல் அமெரிக்காவில் ஜீன் பெர்கோ, ரோஜர் பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் இதே விஷயத்தைப் பதிவு செய்தார்கள். ஒரு சிறுவன் தன் பிளாஸ்டிக் மீனை 'ஃபிஸ்' என்றான். பெரியவர் 'இது உன் ஃபிஸ்ஸா?' என்று கேட்டால் மறுத்தான். 'ஃபிஷ்' என்று கேட்டதும் 'ஆமாம், என் ஃபிஸ்' என்றான். பெரியவர் வாயில் வரும் தப்பு குழந்தையின் காதுக்குத் தெரிகிறது. தன் வாயில் வருவது மட்டும் சரியாகிவிடவில்லை. 'ஒழுங்காச் சொல்லுடா, கா... கா...' என்று அதட்டுவதால் பலனில்லாமல் போவது இதனால்தான். அவன் தெரியாமல் தப்புச் சொல்லவில்லை. பிடிவாதமும் இல்லை. அவன் மனதில் இருக்கும் சொல் சரியான சொல். அது வெளியே வரும் வழிதான் இன்னும் வேறாகவில்லை.

எந்த வயதுவரை பொறுக்கலாம்? 2018-ல் ஷரின் மக்லியாட், கேத்ரின் குரோ இருவரும் 31 நாடுகளில், 27 மொழிகளில், 26,007 குழந்தைகளைப் பற்றிய 64 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். ஐந்து வயதுக்குள் குழந்தைகள் தங்கள் மொழியின் பெரும்பாலான மெய்யொலிகளைப் பிடித்துவிடுகிறார்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு. ப, ம, த போன்றவை முந்தி வரும். ர, ற, ழ போன்றவை பிந்தி வரும். 'க' பிந்தி வருகிற ஒலியல்ல. மூன்றரை, நான்கு வயதைத் தாண்டியும் 'க' முழுக்க 'த'வாகவே இருந்தால் அது காத்திருக்கும் விஷயமில்லை. ஐந்து வயதுக் குழந்தைக்கு 'ழ' மட்டும் வரவில்லை என்றால் கொஞ்சம் பொறுக்கலாம்.

ஒலிக் கணக்குப் பார்க்கத் தெரியாத பெற்றோருக்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. குழந்தை பேசுவது வீட்டுக்காரருக்குப் புரிவது கணக்கில்லை, அன்னியருக்குப் புரிய வேண்டும். மூன்று வயதுக் குழந்தையின் பேச்சில் பாதிக்கு மேல் வெளியாருக்குப் புரிய வேண்டும். நாலு, நாலரை வயதில் பெரும்பகுதி புரிய வேண்டும். அம்மா எப்போதும் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்க வேண்டியிருந்தால் காட்டிவிடுவது நல்லது.

இது அபூர்வமான குறையும் அல்ல. அமெரிக்காவில் ஆறு வயதுக் குழந்தைகளிடையே நடந்து 1999-ல் வெளியான ஆய்வு, 100-க்கு ஏறத்தாழ 4 பேருக்கு ஒலிக்கோளாறு இருப்பதைக் கண்டது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் அதிகம். பெரும்பாலோருக்குக் காரணம் இன்னதென்று கைகாட்ட முடியாது. சிலருக்கு முடியும். அண்ணப் பிளவோடு பிறந்த குழந்தைக்குக் காற்று மூக்கு வழியாகப் போய்விடும். அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் பயிற்சி வேண்டும். மூளை வாதம் உள்ள குழந்தைக்குத் தசையே தளர்ந்தோ இறுகியோ இருக்கும். இன்னும் சிலருக்குத் தசையில் பலம் இருக்கும், மூளையிலிருந்து வரும் கட்டளை வரிசை தடுமாறும். அவர்கள் ஒரே சொல்லை மூன்று முறை கேட்டால் மூன்று விதமாகச் சொல்வார்கள். நம் பையனோ நூறு முறை கேட்டாலும் 'தாத்தா'தான். அந்த மாறாத்தன்மையே பயிற்சியாளருக்கு நல்ல சேதி. ஒழுங்கான தப்பை ஒழுங்காகத் திருத்த முடியும்.

திருத்தும் கலைக்கு வயது அதிகம். கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் வாயில் கூழாங்கற்களைப் போட்டுக்கொண்டு பேசிப் பழகினார் என்று புளூடார்க் எழுதி வைத்திருக்கிறார். எந்தப் பயிற்சியாளரும் இன்று குழந்தை வாயில் கல்லைப் போடமாட்டார். ஆனால் பலூன் ஊதுவது, விசில் அடிப்பது, நாக்கை நீட்டி மடக்குவது என்று 'வாய்த் தேகப்பயிற்சி' பல இடங்களில் நடக்கிறது. ஒலிக்கோளாறு நீங்க இவை உதவும் என்பதற்கு வலுவான சான்று இல்லை என்று 2015-ல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. பேச்சைப் பேசித்தான் பழக வேண்டும்.

முறையான பயிற்சிக்கு ஏணிப்படி அமைத்தவர்களில் ஒருவர் அமெரிக்கரான சார்லஸ் வான் ரைப்பர். அவரே திக்குவாயால் அவதிப்பட்டவர். 1939-ல் வெளியான அவர் நூல் பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடமானது. முதலில் ஒலியைக் காதால் பிரித்தறிதல், பிறகு தனி ஒலி, அசை, சொல், வாக்கியம், கடைசியில் சாதாரணப் பேச்சு என்பது அவர் காட்டிய வழி. பின்னால் வந்தவர்கள் ஒலிகள் தனித்தனியாகக் கெடுவதில்லை, கூட்டமாக ஒரு விதிப்படி மாறுகின்றன என்று கண்டார்கள். இந்தப் பையனின் விதி 'பின்னால் பிறப்பதை எல்லாம் முன்னால் கொண்டுவா' என்பது. அந்த விதியை உடைத்தால் போதும், ஒவ்வொரு சொல்லாகத் திருத்த வேண்டியதில்லை.

உடைக்க உதவியவை இரட்டைச் சொற்கள். காய் - தாய். கோடு - தோடு. கட்டு - தட்டு. ஓர் ஒலிதான் வேறு, பொருள் அடியோடு மாறும். படங்களை மேசையில் பரப்பி, பயிற்சியாளர் சொல்லச் சொல்லப் பையன் எடுத்துக் கொடுத்தான். ஒன்றில்கூடத் தப்பவில்லை. பிறகு ஆட்டத்தைத் திருப்பினார். அவன் சொல்ல வேண்டும், அவர் எடுத்துக் கொடுப்பார். அவனுக்கு வேண்டியது காய். 'தாய்' என்றான். அம்மா படம் கைக்கு வந்தது. தலையை ஆட்டினான். மறுபடியும் 'தாய்'. மறுபடியும் அம்மா. இது பரிகாசமல்ல. நீ சொன்னபடிதான் எனக்குக் கேட்டது என்று கோபமில்லாமல் காட்டுவது. வீட்டில் எல்லோரும் அவன் மனதைப் புரிந்துகொண்டு காயைக் கொடுத்துவிட்டார்கள். அதனால் வழியை மாற்ற அவனுக்குத் தேவையே வரவில்லை.

தேவை வந்தாயிற்று, 'க' வர வேண்டுமே? பாயில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். அப்படிப் படுத்தால் நாக்கு தானாகவே பின்னால் சரியும். தொண்டையில் தண்ணீரை நிறுத்திக் 'கரகர' என்று கொப்பளிக்கச் சொன்னார்கள். பையனுக்கு அது விளையாட்டு. இருமச் சொன்னார்கள். நாக்கு நுனியை மரக்குச்சியால் மெல்ல அழுத்திக்கொண்டு 'தா' சொல்லச் சொன்னார்கள். நுனி மேலே எழ முடியாததால் நாக்கின் பின்புறம் எழும்பும். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் குச்சிக்கு அடியிலிருந்து அரைகுறையாக ஒரு 'க்கா' வெளியே வந்தது. கண்ணாடியில் தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்த பையன் திகைத்துப்போய் அம்மாவைப் பார்த்தான்.

அதற்குப் பிறகு வித்தை எதுவும் இல்லை, உழைப்புத்தான். 'கா, கீ, கூ' முதலில். பிறகு காய், கண், கடை. பிறகு சொல்லின் நடுவே வரும் அக்கா, பக்கம். பிறகு 'கடைக்குப் போகலாம்'. அரைமணி நேரத்தில் ஐம்பது தடவைக்குக் குறையாமல் சொல்ல வைத்து, சரிக்கும் தப்புக்கும் தாளில் கோடு போட்டு எண்ணினார்கள். பத்துக்கு எட்டு சரியானால் அடுத்த படி. வாரம் இரண்டு நாள் அங்கே, தினம் பத்து நிமிடம் வீட்டில். வீட்டுப் பயிற்சிக்கு அம்மாவுக்குச் சொன்ன விதிகள் மூன்று. 'தப்பு' என்று சொல்லக் கூடாது. அவன் 'தடைத்குப் போலாமா?' என்றால் 'ஓ, கடைக்கா? கடைக்குப் போலாமே' என்று சரியான சொல்லை அவன் காதில் போட வேண்டும். விருந்தாளி முன்னால் சொல்லச் சொல்லிக் காட்சி நடத்தக் கூடாது.

பயிற்சி முழுக்கத் தமிழிலேயே நடந்தது. மலையாளத்தில் ஒரு சொல்லையும் பழக்கவில்லை. 'க' தமிழில் நிலைத்ததும், சில வாரங்களில் பள்ளிக்கூடத்து 'களி'யும் கூடவே திருந்திவிட்டது. நாக்கின் பின்புறம் இரண்டு மொழிக்கும் பொதுச் சொத்து. உச்சி முதல் அடி வரை ஒரே விதி என்பதால் 'ங்க'வும் பின்னாலேயே வந்தது. 'மாந்தா' என்று இருந்தது மாங்காய் ஆனது.

இவ்வளவு தூரம் வர வசதி வேண்டும் என்று நினைக்கலாம். திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு ஒரு வாய்ப்பு. 1997-ல் கேரள அரசு நிறுவிய தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இதே நகரத்தின் ஆக்குளத்தில் இருக்கிறது. நிஷ் என்றால் எல்லோருக்கும் தெரியும். 2012-ல் தொடங்கிய 'சுருதி தரங்கம்' என்ற அரசுத் திட்டத்தில் காது கேளாத குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தி, பேச்சுப் பயிற்சியும் தந்தார்கள். சிறு ஊர்களில் நிலைமை வேறு. எங்கே போனாலும் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டம் 1992-ல் வந்தது. பயிற்சி தருபவர் அந்தக் கழகத்தில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும்.

மும்பையிலோ தில்லியிலோ வாழும் தமிழ்க் குடும்பத்துக்கு இன்னொரு சிரமம். பயிற்சியாளருக்குத் தமிழே தெரியாமலிருக்கலாம். அப்போது பாதி வேலை பெற்றோருடையது. வீட்டில் தினமும் புழங்கும் ஐம்பது சொற்களை, வீட்டில் சொல்கிற மாதிரியே, குழந்தை அவற்றை எப்படிச் சொல்கிறது என்பதோடு எழுதிக் கொடுக்கலாம். ஒலிப்பதிவு செய்தும் கொடுக்கலாம், கைப்பேசியில் முடியாதது இல்லை. வழக்கு எது, கோளாறு எது என்று பிரித்துக் காட்ட அந்த வீட்டைவிட்டால் வேறு சாட்சி கிடையாது.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? சிலருக்குத் தானே சரியாகத்தான் செய்கிறது. பெரியப்பா சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் எழுத்துப் படிக்கத் தொடங்கும் வயதிலும் ஒலிகள் பிரியாமல் இருந்தால் படிப்பிலும் எழுத்திலும் இடறும் வாய்ப்பு கூடுகிறது. அதைவிடப் பெரிய நஷ்டம், வகுப்பில் கைகாட்டிப் பிழைக்கக் கற்றுக்கொண்ட குழந்தை அதையே சுபாவமாக்கிக்கொள்வது. சமர்த்து என்று பெயர் வாங்கிய மௌனத்தை யாரும் சோதிப்பதில்லை.

எட்டு மாதம் கழிந்தது. ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்ட பையன் இப்போது அதிகம் பேசுகிறான் என்று டீச்சரிடமிருந்து புகார் வருகிறது. அவசரத்தில், கோபத்தில், தூக்கக் கலக்கத்தில் இன்னும் பழைய 'த' எட்டிப் பார்க்கும். உடனே அவனே திருத்திக்கொள்வான்.

ஆடி அமாவாசையன்று பாட்டி இலையில் சோறு எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார். பையன் மதிலோரம் நின்று 'கா... கா...' என்று கூப்பிட்டான். காகம் வந்தது. 'காக்கா வந்தாச்சு பாட்டி' என்றான்.

பாட்டிக்குச் சந்தோஷம்தான். எதையோ விட்டுக்கொடுத்ததுபோலவும் இருந்தது. 'ஏன்டா, காக்கா வேற தாத்தா வேறன்னு இப்பதான் உனக்குத் தெரிஞ்சுதா?' என்றார்.

பையன் பாட்டியை விசித்திரமாகப் பார்த்தான்.

'அது எனக்கு அப்பவே தெரியுமே.'